கீரைத்தோட்டத்து அக்கா

வயிற்றில் ஆறு மாதக் குழந்தையும் கையில் ஒரு தகரப் பெட்டியுமாக நான் அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, அக்கா சிமென்ட் தொட்டிக்குள் பாதி உடம்பைக் கவிழ்த்துத் தண்டுக்கீரையை அலசிக்கொண்டிருந்தாள். தாசரஹள்ளியில் நானும் என் வீட்டுக்காரரும் குடியிருந்த வீட்டை, அவர் சொல்லாமல் கொள்ளாமல் போன மறுமாதமே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பிறந்த ஊரான தங்கவயலில் எனக்கென்று யாரும் மிச்சமில்லை. பீன்யாவில் நான் வேலை செய்த கார்மென்ட்ஸில் பக்கத்து மெஷின்காரிதான் வழி சொன்னாள். சிக்கபாணாவரா ஏரிக்குப் பின்னால் ஒரு கீரைத்தோட்டம், அங்கே ஒரு தமிழ் அக்கா, வந்தவர்களை இல்லையென்று அனுப்ப மாட்டாள் என்று.

அக்கா நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தாள். பேர் கேட்கவில்லை, புருஷன் எங்கே என்று கேட்கவில்லை. தோட்டத்தின் ஓரத்தில் நாலு ஷீட் வீடுகள் இருந்தன, நாலிலும் ஆள் இருந்தார்கள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மஞ்சு, உன் புஸ்தகத்தையெல்லாம் எடுத்துக்கினு பம்ப் ரூமுக்குப் போ. இந்தம்மா உன் ரூம்ல இருக்கட்டும்."

அக்காவின் மகள் மஞ்சுளா, பதினேழு வயதுப் பெண், வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், உள்ளே போனாள். மூன்று நடையாகப் புத்தகங்களையும் பாயையும் துணிகளையும் தூக்கிக்கொண்டு மோட்டார் இருந்த அறைக்குப் போனாள். அந்த அறையில் எப்போதும் தரை ஈரமாக இருக்கும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். ஆனால் அன்றைக்கே தெரிந்திருந்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். எனக்குக் கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. உள்ளே போய்ப் பெட்டியை வைத்துவிட்டுப் படுத்தேன். தலைமாட்டுச் சுவரில் அந்தப் பெண் கையால் எழுதி ஒட்டிய காலேஜ் டைம்டேபிள் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

அந்த அறையில் பதினொரு வருஷம் இருந்தேன்.

அக்கா குள்ளம். மணிக்கட்டு மட்டும் ஆண்பிள்ளை மணிக்கட்டு மாதிரி தடியாக இருக்கும். கீரைச் சாறு ஏறி ஏறி நகக்கண்கள் பச்சையும் கறுப்புமாகக் கிடக்கும். பக்கத்தில் வந்தால் புதினா வாசனை. அவள் புருஷனை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்போம். நெட்டையான மனிதர், பேச்சு குறைவு. ஒன்றேகால் ஏக்கர் நிலம் அவருடைய அப்பா காலத்தில் ஆம்பூர்ப் பக்கமிருந்து வந்து வாங்கியது. அரைக்கீரை, சிறுகீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி, ஓரத்தில் புதினா. புருஷனும் பெண்டாட்டியும் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வெளிச்சம் வருவதற்கு முன்னால் பாத்தியில் இருப்பார்கள். அவர் மடையைத் திறந்துவிடுவார், இவள் அவருக்கு முன்னாலேயே குனிந்து பறித்துக்கொண்டு போவாள். இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் ஒரு பாத்தி தூரம் இருக்கும், ஒரு வார்த்தை இருக்காது. அவர் டீ வாங்கி வந்தால் முதல் டம்ளரை அவள் பறித்து வரும் வரப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போவார். அவள் அங்கே வந்து சேரும்போது டீ ஆறிப்போயிருக்கும். அப்படியே குடித்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போவாள்.

பறித்ததில் பாதிதான் மார்க்கெட்டுக்குப் போகும். மீதி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும். பெண்கள் ஹாஸ்டல் ஒன்றுக்கு வாரம் இரண்டு மூட்டை. சாவு விழுந்த வீட்டுக்கு அடுப்பு மூட்டும் வரை சோறும் குழம்பும். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவது முழுக்க இவர்கள் கை வேலை. ராகி திரிப்பதிலிருந்து அண்டாவைக் கழுவிக் கவிழ்ப்பது வரை. யாராவது கையெடுத்துக் கும்பிட்டு நல்ல வார்த்தை சொல்ல வந்தால் அக்காவுக்குக் கோபம் வரும். போ போ, வேலையைப் பார் என்று விரட்டுவாள். இத்தனை கொடுத்தால் உங்களுக்கு என்ன இருக்கும் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"நமக்கு எப்படியும் ஆயிடும்."

இந்த "நமக்கு" என்ற சொல்லை நான் வெகு நாள் கவனிக்கவில்லை. அதற்குள் அண்ணனும் இருந்தார், மஞ்சுளாவும் இருந்தாள். அவர்களைக் கேட்டு அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தவள் அக்கா. மூன்றாம் மாதம் நான் வேலைக்குத் திரும்பியபோது குழந்தையை வரப்பில் துணி விரித்துப் படுக்கவைத்துக்கொண்டு கீரை பறித்தவளும் அக்காதான். என் மகள் நடை பழகியது அந்தப் பாத்திகளில். இதையும் சொல்லிவிட வேண்டும். அவளைப் பற்றி நான் எதைச் சொன்னாலும், இது இல்லாமல் சொன்னால் பொய்யாகிவிடும்.

அவர்களிடம் ஒரு மாடு இருந்தது. கன்றுக்குட்டியாக இருந்தபோது தாய் செத்துப்போய், அண்ணன் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்த மாடு. சாயங்காலம் வேலை முடிந்ததும் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே ஏதோ பேசுவார். மனிதர்களிடம் பேசாத பேச்செல்லாம் அதனிடம். ஒருநாள், புருஷனைப் பறிகொடுத்த ஏரிக்கரைப் பெண் ஒருத்தி வந்து பிழைக்க வழியில்லை என்று அழுதாள். அண்ணன் அப்போது உரம் வாங்கப் போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது முளைக்குச்சி மட்டும் இருந்தது. அக்கா புதினா கட்டிக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன், பால் வித்துப் பொழச்சுக்கும்" என்றாள், வாழைநாரைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே. அவர் உர மூட்டையை இறக்கப் போனார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஏரிக்கரைக்கு நடந்து போய்விட்டு வருவார். எங்கே போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். நாலு மாதம் கழித்து ஒருநாள் போனவர் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். அந்தப் பெண் மாட்டை விற்றுவிட்டாள். யாருக்கு விற்றாள் என்பதைச் சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லையாம். அக்காவிடம் நான் போய்ச் சொன்னேன், அண்ணன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று. "குடுத்ததுக்கு அப்புறம் அது அவங்க மாடு. விப்பாங்க, வெட்டுவாங்க, நமக்கென்ன" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு முதன்முதலாக அவளைப் பார்த்துப் பயம் வந்த நாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் அண்ணன் என்னிடம் தானாகவே பேசினார். அக்காவின் சின்ன வயதில் அவள் வீட்டில் ஐந்து பிள்ளைகளாம். சாப்பாட்டுக்கு வழியில்லாத ஒரு கோடையில் அம்மாக்காரி நாலு பேரை வைத்துக்கொண்டு இவளை மட்டும் தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாளாம், அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள. கல்யாணம் வரை அங்கேதான். "அதுக்கு அப்புறம் அவ எதையும் தன்னுதுன்னு சொல்லி நான் கேட்டதில்லம்மா" என்றார். சொல்லிவிட்டு, அக்காவைக் காட்டிக்கொடுத்துவிட்ட மாதிரி சங்கடப்பட்டு எழுந்து போனார்.

கடைசி ஷீட் வீட்டில் சம்பத் என்று ஒருவர் இருந்தார். பீன்யாவில் லேத் வேலை. அவர் மனைவி மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். நாலு வயதில் ஒன்றும் இரண்டு வயதில் ஒன்றுமாக இரண்டு பெண் குழந்தைகள். அவர் ஷிப்டுக்குப் போகும்போது குழந்தைகள் அக்காவின் அடுப்படியில் இருக்கும். சின்னது அம்மாவைக் கேட்டு அழும். அக்கா அதைத் தூக்கி மஞ்சுளாவிடம் கொடுப்பாள். மஞ்சுளா அப்போது பி.காம் இரண்டாம் வருஷம். மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு கணக்குப் பதிவியல் படிப்பாள். பேங்க் பரீட்சை எழுத வேண்டும், மல்லேஸ்வரத்தில் ஒரு பேங்கில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்பாள். வேறு ஆசை எதையும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் கூழ் ஊற்றி முடித்த அன்றைக்கு, கோயில் வாசலில் ஐம்பது அறுபது பேர் இருக்கும்போது அக்கா சொன்னாள், தை மாதம் மஞ்சுளாவைச் சம்பத்துக்குக் கொடுக்கப்போவதாக. பாவம் தாயில்லாக் குழந்தைகள் என்று எல்லோரும் கண் கலங்கினார்கள். ஒரு பெரியவர் அக்காவின் காலைத் தொடவே குனிந்துவிட்டார். மஞ்சுளா கூழ்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன், அது படிக்கட்டுமே என்றார். அவர் எதிர்த்துச் சொன்னதாக எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். ரெண்டு குழந்தைகள் தாயில்லாமல் அழுகிறது, இவளுக்குப் படிப்பு எங்கே ஓடிப்போகிறது என்றாள் அக்கா. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனார்.

மஞ்சுளா என்னிடம் வந்தாள். அழவில்லை. நீங்கள் சொன்னால் அம்மா கேட்பார்கள், ஒரு தடவை பேசிப் பாருங்கள் என்றாள். நான் சொன்னால் அக்கா கேட்பாள் என்று அவள் ஏன் நினைத்தாள் என்று தெரியவில்லை. வேறு யாரும் இல்லை என்பதால் இருக்கும்.

மறுநாள் ஞாயிறு. அக்கா கொத்தமல்லி விதையைத் தரையில் பரப்பிச் செருப்புக் காலால் தேய்த்து உடைத்துக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். சம்பத் நல்லவர்தான், ஆனால் வயது வித்தியாசம், அவளுக்குப் படிக்க ஆசை, இன்னும் இரண்டு வருஷம் போகட்டுமே என்றேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நீ வந்தப்ப அவ ரூமைத்தான் உனக்குக் குடுத்தேன். அப்ப வேணாம்னு நீ சொல்லலையே."

என் மகள் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விதையை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா என்னைக் குத்துவதற்காக அதைச் சொல்லவில்லை. அவளுக்கு அது சாதாரணக் கணக்கு. கொஞ்ச நேரம் கழித்து, ரகசியம் சொல்கிற மாதிரி இன்னொன்றும் சொன்னாள். சம்பத் முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். வருகிறவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் என் பெண்கள் அநாதையாகிவிடுவார்கள் என்றாராம். அதனால் வேறு பிள்ளை வேண்டாம் என்று அக்காவே வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தானே கூட்டிப்போய் அவருக்கு ஆபரேஷனும் செய்துவைத்துவிட்டாள். பத்து நாள் ஆகிவிட்டது. மஞ்சுவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் அவரே சொல்லிக்கொள்வார் என்றாள்.

நான் எழுந்து வந்தேன். பம்ப் ரூம் வாசலில் மஞ்சுளா நின்றுகொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினேன், நடக்கவில்லை என்று. மற்றதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் ஓடிப்போயிருப்பாள், ஓடிப்போனால் யார் சொன்னது என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் நானும் என் குழந்தையும் எங்கே போவது? இதைத்தான் நான் அன்றைக்கு நினைத்தேன். தையில் கல்யாணம் நடந்தது. நான்தான் அவளுக்குப் புடவை கட்டிவிட்டேன்.

சம்பத் குடிக்கிறவர் இல்லை, அடிக்கிறவர் இல்லை. செத்துப்போன மனைவியின் போட்டோவுக்குத் தினமும் பூ வைப்பார். அந்தப் பூவை மஞ்சுளா தொடுத்துக் கொடுப்பாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. டாக்டரிடம் போகலாம் என்று இவள் திரும்பத் திரும்பக் கேட்டபோது அவர் சொல்லிவிட்டார், உங்கம்மா உன்னிடம் சொல்லவில்லையா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே. அன்றைக்கு நான் வேலையிலிருந்து வந்தபோது மஞ்சுளா என் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது மஞ்சு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போனாள். அந்த வாரமே சம்பத் வேறு வீடு பார்த்தார், நெலமங்கலா ரோட்டில். போகும்போது அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனாள், என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அக்காவிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தக் குழந்தைகள் கொழுகொழுவென்று இருக்கிறதாமே என்று ஊரில் யாராவது சொன்னால் அவள் முகம் மலர்ந்துவிடும். பேசாவிட்டால் என்ன, குழந்தைகள் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பாள்.

அண்ணனுக்குக் குடலிறக்கம் இருந்தது. வெகு நாளாக இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். அது ஆடி மாதத்தில் விழுந்தது. கூழ் ஊற்றி முடித்துவிட்டுப் போகலாம் என்றாள் அக்கா. ராகி மூட்டைகளை அவர்தான் தூக்கினார். திரும்பப் போய்க் கேட்டு இன்னொரு நாள் வாங்கினார்கள். அப்போது தோட்டத்தின் முன்பக்க மூலையை அங்கன்வாடி கட்டுவதற்கு, அண்ணனிடம் கையெழுத்து வாங்கி, அக்கா எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த வாரம் கான்கிரீட் போட்டிருந்தார்கள். தினமும் மூன்று வேளை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அதற்கும் அவர்தான், அந்த நாளும் தவறிப்போனது. குடத்தைத் தோளில் வைத்து ஏணியில் ஏறுவதை நான் பஸ்ஸுக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்.

ஒரு காலையில் வரப்பில் சுருண்டு கிடந்தார். பச்சையாக வாந்தி. குடல் முறுக்கிக்கொண்டுவிட்டது என்றார்கள். இரண்டு நாள் இருந்தார். மஞ்சுளா ஓடி வந்தாள். அவள் கையைப் பிடித்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

சாவுக்கு வந்த கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. அங்கன்வாடிச் சுவரில் அவருடைய போட்டோவை மாட்டினார்கள். அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. அடுத்த நாள் விடிவதற்குள் பாத்தியில் இருந்தாள், ஹாஸ்டலுக்கு மூட்டை போக வேண்டும் என்று. மடையைத் திறக்க ஆளில்லாமல் தானே ஓடிப்போய்த் திறந்துவிட்டு, ஓடி வந்து பறித்தாள். வாசல் வழியாகப் போன ஒருவர் நின்று, இந்த அம்மா மாதிரி உண்டா என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் மகளின் படிப்புக்காக ஒக்கலிபுரத்துக்கு வீடு மாறிய இரண்டாம் வருஷம் ஊரடங்கு வந்தது. வடக்கிலிருந்து வந்து பீன்யா ஷெட்டுகளில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அக்கா தினமும் சமைத்தாள். தோட்டத்தில் இருந்ததையெல்லாம், விதைக்கு விட்டிருந்ததைக்கூடப் பிடுங்கிச் சமைத்தாள். எங்கள் கார்மென்ட்ஸையும் மூடிவிட்டார்கள். போலீஸ் வண்டியில் இடம் கேட்டு எனக்கும் என் மகளுக்கும் அரிசியும் கீரையும் அனுப்பினாள். அந்த நாட்களில்தான் வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வயதும் ஆகிவிட்டது, சர்க்கரையும் இருந்தது. எழுந்திருக்கவே இல்லை.

முதல் வாரம் பழம் வாங்கிக்கொண்டு நிறையப் பேர் வந்தார்கள். அப்புறம் குறைந்தது. நிலத்தை ஏற்கெனவே கோயில் கூழ் தர்மத்துக்கு எழுதி வைத்துவிட்டாள். ஷீட் வீடுகளில் இருந்தவர்கள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள், பிறகு அவர்களுக்கும் சலித்துவிட்டது. ஒருநாள் அங்கன்வாடியில் கூட்டம் போட்டார்கள், அவளை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று. நானும் போயிருந்தேன். அங்கேயே பக்கத்து அறையில் அவளைக் கட்டிலில் போட்டிருந்தார்கள், பேசுவதெல்லாம் அவளுக்குக் கேட்கும். ஒவ்வொருவராக எழுந்து தன் வீடு சின்னது என்றார்கள். என் முறை வந்தது. நானும் அதையேதான் சொன்னேன்.

யாரோ போன் செய்திருக்க வேண்டும். மஞ்சுளாவும் சம்பத்தும் ஒரு டெம்போவில் வந்தார்கள். மஞ்சுளா எங்கள் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. உள்ளே போய் அம்மாவின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள், சம்பத் காலைப் பிடித்துக்கொண்டார். மஞ்சு, மஞ்சு என்று அக்கா கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

மூன்று வருஷம் மஞ்சுளா வைத்துப் பார்த்தாள். நான் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போவேன். படுக்கை சுத்தமாக இருக்கும். வேளைக்கு மாத்திரை, கஞ்சி, முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுவது, எதிலும் குறையில்லை. பேச்சு மட்டும் கிடையாது. வாயைத் திற என்றுகூடச் சொல்ல மாட்டாள். ஸ்பூனை உதட்டருகில் கொண்டுபோய் நிறுத்துவாள். அக்கா ஒவ்வொரு வாய்க்கும் அவள் முகத்தையே நிமிர்ந்து பார்ப்பாள். மஞ்சுளா ஸ்பூனைப் பார்ப்பாள். வளர்ந்துவிட்ட அந்த இரண்டு பெண்களும் கிழவியோடு பேசுவார்கள், சிரிப்பார்கள். அப்போதும் அக்காவின் கண் அடுப்படிப் பக்கமே இருக்கும்.

கடைசியாக நான் போனபோது அக்கா பாதியாகச் சுருங்கியிருந்தாள். என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த மணிக்கட்டு இரண்டு விரலுக்குள் அடங்கியது.

"அவள ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லு. திட்டுனாலும் பரவால்ல."

நான் அடுப்படிக்குப் போனேன். மஞ்சுளா மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். தலை முன்பக்கம் நரைத்துவிட்டது. வயசாகிவிட்டது, போகிற காலம், ஒரு வார்த்தை பேசிவிடேன் என்றேன். அவள் டப்பாவை மூடினாள்.

"அன்னைக்கு எனக்காகப் பேசச் சொன்னேன். தலைய ஆட்டிட்டு ரூமுக்குள்ள போயிட்டீங்க. தெரியாதுன்னு வேற சொன்னீங்க. இன்னைக்கு அவங்களுக்காக வந்து நிக்கிறீங்க."

நான் பொய் சொன்னது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள், என் மகளுக்குப் பீஸ் கட்ட உதவினாள், ஒரு வார்த்தையில்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. "அவங்களுக்கு நான் என்ன குறை வச்சேன், சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் கஞ்சி ஆற்றத் தொடங்கினாள். நான் அக்காவிடம் திரும்பி வந்தேன். அவள் வேலையாக இருக்கிறாள் என்றேன். அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்கடுத்த மாதம் அக்கா போய்விட்டாள். மழை பெய்து ஓய்ந்த காலை. எங்கிருந்துதான் வந்தார்களோ, அண்ணனுக்கு வந்த கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம். கோயில்காரர்கள் ரோஜா மாலையால் பாடையை மூடிவிட்டார்கள். வீடு சின்னது என்று சொன்னவர்கள் எல்லோரும் முன்வரிசையில் நின்று அழுதார்கள். வாய்விட்டு அழுதுடும்மா என்று பெண்கள் மஞ்சுளாவை உலுக்கினார்கள். அவள் ஐஸ்பெட்டியின் ஒயரைக் கழற்றிச் சுருட்டிவைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

மயானத்தில் அண்ணனைப் புதைத்தபோதே, பக்கத்தில் ஓர் ஆள் இடத்தை விட்டுவைக்கச் சொல்லியிருந்தாளாம் அக்கா. தனக்கென்று அவள் கேட்டு வாங்கியது, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். குழி வெட்டுகிறவர்கள் புறப்படும்போது மஞ்சுளா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா பக்கத்துல வேணாங்கா. வேற எடத்துல தோண்டச் சொல்லுங்க."

"எதுக்கு மஞ்சு, போய்ச் சேந்தாச்சு."

"அவரு கொஞ்சம் நிம்மதியா படுத்துக்கட்டும்."

நான் போனேன். முதலில் சம்பத்திடம் சொன்னேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பெரியவர்களிடம் சொன்னேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். புருஷன் பக்கத்தில் இடம் இருக்கும்போது இது என்ன அநியாயம், இத்தனை பேருக்குச் சோறு போட்டவளுக்கு ஓர் ஆள் இடம் கிடையாதா, பெண்ணா இது என்றார்கள். ஒருவர், நீ யாரம்மா இதில் தலையிட என்று என்னைக் கேட்டார். அந்த வீட்டில் பதினொரு வருஷம் இருந்தவள் என்றேன். பெற்ற பெண் சொல்கிறாள், அங்கே வைக்கக்கூடாது என்றேன். அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வெட்டியான் மண்வெட்டியோடு என் முகத்தையும் பெரியவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மழை திரும்பவும் வரும் போலிருந்தது. கடைசியில் சரி என்றார்கள்.

மயானத்தின் மறு கோடியில், காம்பவுண்டுச் சுவரோரமாகத் தோண்டினார்கள். மண் ஈரமாக இருந்ததால் சீக்கிரம் முடிந்துவிட்டது. மஞ்சுளா அங்கே வரவில்லை. அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் அடுத்த மாதமே வேறு யாரையோ புதைத்துவிட்டார்கள். யாரென்று நான் விசாரிக்கவில்லை.